மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை

நான் சொன்ன பொய் மூன்றே வார்த்தை. "எதுவும் இல்ல டாக்டர்." மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, புதுக்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் படுத்துக்கொண்டு இதைச் சொன்னேன். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டிருந்தார். அந்த மூன்று வார்த்தையால் அடுத்த ஆறு நாளில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன். பந்து ஆடுகிற பெண்பிள்ளைகள் படித்தால் போதும். ஆண்பிள்ளைகளும் படித்தால் நல்லதுதான். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன். "எழுதித் தொலை, எம் பேர மட்டும் போட்டுராத" என்றாள். சரி, அம்மா அம்மாவாகவே இருக்கட்டும்.

என் பெயர் வளர்மதி. உயரம் ஆறடி. பெயர் வைத்த நேரம் நிற்காமல் வளர்ந்துவிட்டேன் என்று ஊரில் கேலி பேசாத ஆளில்லை. குளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அப்பா போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கிறவர். எட்டாம் வகுப்பில் என்னைப் பின்வரிசையில் பார்த்த பி.டி. டீச்சர், கூடைப்பந்தைக் கையில் கொடுத்து வளையத்தைக் காட்டினார். அங்கிருந்து விளையாட்டு விடுதி, கல்லூரி, பிறகு ஒரு அரசு நிறுவன அணியில் வேலையும் ஆட்டமும். வளையத்துக்குக் கீழே நின்று இடிபடுகிற இடம் என்னுடையது. முழங்கை, முட்டி, தோள் எல்லாம் வந்து மோதும். அடிபடத்தான் சம்பளம் என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம்.

இருபத்தைந்து வயதில் ஸ்பெயினில் ஒரு சின்ன ஊர் கிளப்பிலிருந்து அழைப்பு வந்தது. தோழி ஒருத்தி எடுத்து அனுப்பிய வீடியோவைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். பெரிய லீக் எல்லாம் இல்லை. சனிக்கிழமை மாலை முந்நூறு பேர் வந்து உட்காருவார்கள், ஆலிவ் தின்பார்கள், என் பெயரை அவர்கள் வாயில் வருகிறபடி உடைத்துக் கூச்சல் போடுவார்கள். இரண்டு சீசன் ஆடினேன். வீட்டை விட்டு அவ்வளவு தூரத்தில், மொழி தெரியாத பெண்களோடு, பந்தை மட்டும் வைத்துப் பேசிக்கொண்டு இருந்தேன். என் வாழ்க்கையிலேயே நான் மிகச் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். இதைச் சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும்.

இனி அந்த மாத்திரை. விடுதியில் பதினாறு வயதில் ஒரு சீனியர் அக்கா கொடுத்தார். "டேட் வந்துரும்போல இருந்தா இதப் போடு. மேட்ச் முடியிற வரைக்கும் வராது." வெள்ளை ஷார்ட்ஸ் போட்டு ஆடுகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு டோர்னமெண்டுக்கும் போட்டேன். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே மாத்திரை இருந்தது. திருவிழா, கல்யாணம், கருமாதி என்று வந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் போடுவார்கள். யாரும் அதை மருந்து என்று சொல்லமாட்டார்கள். அதன் பெயரும் எங்களுக்குத் தெரியாது. 'தள்ளிப்போடுற மாத்திரை', அவ்வளவுதான். ஸ்பெயினில் கிளப் டாக்டர் நீட்டிய படிவத்திலும், சாப்பிடும் மருந்துகள் என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டுத்தான் வந்தேன். மனசாரச் சொல்கிறேன், அப்போது பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை.

இந்த வருஷம் சீசனின் கடைசி வாரத்துக்கு அந்த மாத்திரையை ஆரம்பித்தேன். அரையிறுதியில் இடது கணுக்கால் மடங்கியது. முழங்கால் வரை வருகிற கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸை மாட்டி, பத்து நாள் காலை அசைக்காதே என்றார்கள். மாத்திரையை நிறுத்தலாம் என்று நினைத்தபோது அம்மா போனில் சொன்னாள்: "நிறுத்திறாத. வைகாசியில நம்ம மாரியம்மனுக்குத் திருவிழா. நீ பால்குடம் எடுக்கணும்." நான் வெளிநாட்டில் ஆடப்போக வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டாளாம். இரண்டு வருஷமாக அந்தக் கடன் தீரவில்லையாம். சரி என்று தொடர்ந்தேன். அந்தப் பூட்ஸோடு மாட்ரிட்டில் ஏறி, துபாயில் ஒன்பது மணி நேரம் நாற்காலியில் கிடந்து, திருச்சியில் இறங்கினேன்.

வந்ததும் பூட்ஸைக் கழற்றினேன். இரண்டாம் நாள் இடது கெண்டைக்கால் இறுகிக்கொண்டது. தொட்டால் சுட்டது. அப்பா பார்த்துவிட்டு, "சுளுக்கு மேல ஏறிருக்கு பாப்பா, குப்புறப் படு" என்று நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்தார். மோட்டாரின் செம்புக் கம்பியை அறுபடாமல் பிரிக்கிற கை அவருடையது. குதிகாலிலிருந்து முழங்கால் வரை பதமாக உருவிவிட்டார். அன்றைக்கும் மறுநாளும். சுகமாகத்தான் இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

அதற்கு அடுத்த நாள் காலை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். எட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சை இழுத்தால் வலது விலாவில் கத்தி இறங்கியது. நாற்பது நிமிஷம் ஓடி ஆடுகிறவள் நான், எட்டுப் படிக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். "அப்பா" என்று கூப்பிடுவதற்கு மூச்சு பத்தவில்லை. கைப்பிடிச் சுவரில் வாளியைத் தட்டித்தான் கூப்பிட்டேன்.

குளத்தூரில் ஒரு கிளினிக்கில் விரல் நுனியில் கிளிப்பை மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற கிளிப். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது எண்பத்தெட்டு காட்டியது. டாக்டரம்மா கிளிப்பைக் கழற்றி இன்னொரு விரலில் மாட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "நிக்காம புதுக்கோட்டைக்குப் போயிருங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

புதுக்கோட்டையில் என்னைப் பார்த்த டாக்டருக்கு நாற்பது வயது இருக்கும். கேள்வியை அடுக்கிக்கொண்டே போனார். விமானத்தில் வந்தது, பூட்ஸ், கால் வீக்கம் எல்லாம் சொன்னேன்.

"கால உருவி விட்டீங்களா?"

அப்பா முந்திக்கொண்டார். "ஆமாங்க டாக்டர். நான்தான் ரெண்டு நாளா நல்லா எண்ண போட்டு உருவி விட்டேன்."

"ஐயோ, அதெல்லாம் செய்யவே கூடாதுங்க. கால் நரம்புல இருந்த ரத்தக்கட்டி அப்படியே பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம்."

அவர் வேண்டுமென்று குத்திச் சொல்லவில்லை, அவசரத்தில் சொன்னார். அப்பா இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அதுதான் அந்த மாத்திரைக் கேள்வி. என் கால்மாட்டில் அப்பா, பக்கத்தில் ஒரு அட்டெண்டர், டாக்டருக்குப் பின்னால் அம்மா. அம்மா தலையை லேசாக, மிக லேசாக ஆட்டினாள். நான் மூன்று வார்த்தை சொன்னேன்.

சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நாளைக்கு யாருக்காவது பயம் குறையும். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. உடம்பில் எங்காவது ரத்தம் உறைந்து கரைந்துகொண்டிருந்தால் அதன் துணுக்குகள் ரத்தத்தில் மிதக்கும், அதை அளப்பது. எனக்கு எக்கச்சக்கமாக இருந்தது. அடுத்து டாப்ளர் ஸ்கேன். தொடையிலிருந்து ஜெல்லியைத் தடவி ஒரு கருவியால் அழுத்திக்கொண்டே வருவார்கள். நல்ல ரத்தக்குழாய் அழுத்தினால் தட்டையாகும். என்னுடையது முழங்காலுக்குப் பின்னால் அழுத்த அழுத்த உருண்டையாகவே நின்றது. கடைசியில் சி.டி. கையில் மருந்து ஏற்றியதும் உடம்பெல்லாம் சூடாகி, படுக்கையிலேயே ஒன்றுக்குப் போய்விட்டோமோ என்று தோன்றும். போயிருக்க மாட்டோம், கவலைப்பட வேண்டாம். இரண்டு நுரையீரலிலும் கட்டி அடைத்திருந்தது, வலது பக்கம் பெரிசு. ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் வீங்கத் தொடங்கியிருந்தது.

தொப்புளைச் சுற்றி ஊசி, காலையும் மாலையும். ரத்தம் மேலும் உறையாமல் இளக்கி வைக்கிற ஊசி. இரண்டு நாள் ஐ.சி.யு.வில் இருந்துவிட்டு, இரண்டாம் மாடியில் ஐந்து கட்டில் போட்ட வார்டுக்கு வந்தேன். கட்டில் எனக்குப் பத்தவில்லை. கால் இரண்டும் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. போகிற வருகிறவர்கள் எல்லாம் இடித்துவிட்டு, "அடேங்கப்பா, பொம்பளப் புள்ளையா?" என்று கேட்டார்கள். இல்லை, தென்னம்பிள்ளை என்று சொல்ல வாய் வரும், மூச்சு வராது.

அம்மா சாப்பாட்டுக் கூடையோடு வருவாள். டாக்டர் எழுதுகிற மாத்திரையெல்லாம் நர்ஸ் கொடுப்பார். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் அம்மா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து மணிபர்ஸை எடுப்பாள். "இந்தா, முழுங்கு." காலை, மதியம், ராத்திரி.

"ஆஸ்பத்திரியில கெடக்குறேன். இன்னும் எதுக்கும்மா?"

"ஊர்ல காப்பு கட்டியாச்சுத்தா. இன்னம் எட்டு நாள்ல பால்குடம். அதுக்குள்ள ஒன்னய விட்ருவாங்க. இப்ப நிறுத்துனா சரியா அன்னிக்கு வந்து நிக்கும். ரெண்டு வருஷம் கடன வச்சதுக்குத்தான் ஆத்தா இப்புடிப் புடிச்சு உலுக்குறா. இந்தத் தடவையும் தவறுனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். பயந்து கிடக்கிறவளுக்கு சாமி கோபத்தோடு வழக்காட தைரியம் வராது. நான் விழுங்கினேன். எனக்கு எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவுக்கு அம்மா வேண்டுதலைப் பிடித்துக்கொண்டாள். வேண்டுதலைப் பிடித்துக்கொண்ட அளவுக்கு மாத்திரை வேளை தவறாமல் வந்தது.

ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தாலே விஷயம் நல்லதில்லை என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன்.

"வளர்மதி, ஃப்ளைட்டும் கால் கட்டும் காரணமா இருக்கலாம். ஆனா இந்த வயசுல, இவ்வளவு உறுதியான உடம்புல, இவ்வளவு பெரிய கட்டி எனக்குப் பொருந்தி வரலை. ஒங்க ரத்தத்துலயே பிறவிக் கோளாறு இருக்கான்னு பாக்கணும். காரணம் தெரிஞ்சா மூணு மாசத்துல மருந்த நிறுத்திரலாம். தெரியலைன்னா, ஆயுசுக்கும்."

"ஆயுசுக்கும் சாப்பிட்டா ஆடலாமா டாக்டர்?"

"ரத்தம் இளகியிருக்கிற ஆளுக்குத் தலையில ஒரு முழங்கை பட்டாப் போதும், உள்ளயே கசியும். நான் ஆட விடமாட்டேன். எந்த டாக்டரும் விடமாட்டாங்க."

கிளப்பிலிருந்து அடுத்த சீசனுக்கான ஒப்பந்தம் மெயிலில் வந்து கிடந்தது. மருத்துவச் சான்றிதழோடு கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். இருபத்தேழு வயது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை வளையத்துக்குக் கீழே நின்று இடிபடுவது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். அழுதாலும் மூச்சு வாங்கியது. அந்த எரிச்சலில் இன்னும் அழுதேன்.

ஐந்தாம் நாள் மதியம், சும்மா படுத்திருக்கும்போதே மறுபடி அந்தக் கத்தி இறங்கியது. இந்த முறை இடது பக்கம். கிளிப்பில் தொண்ணூறுக்குக் கீழே போனது. ஓடிவந்தார்கள், ஆக்சிஜனைக் கூட்டினார்கள், காலை மறுபடி ஸ்கேன் பண்ணினார்கள். கட்டி கரையவில்லை, தொடைக்கு ஏறியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "மருந்து சரியாத்தான் போகுது. அப்புறம் எதுக்கு வளருது?" என்று தனக்குத்தானே கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மருந்து உள்ளே போகிறது. அதோடு வேறு என்ன உள்ளே போகிறது?

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வார்டுக்குள் வருவதையே நிறுத்திவிட்டார். வெளியே பெஞ்சில், இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இளநீர் வாங்கிவந்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார். சின்ன வயசிலிருந்து மேட்ச் முடிந்து வந்தால் என் காலைப் பிடித்துவிடுகிற மனுஷன், இப்போது கம்பிக்கு வெளியே நீட்டியிருந்த என் காலைச் சுற்றிக்கொண்டு போனார். ஆறாம் நாள் காலை, "அப்பா, இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டேன்.

"நான் தொடலத்தா. தொட்டு ஒன்னய இங்க கொண்டாந்து போட்டது போதும்" என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

 அவர் உருவியது தப்புதான், டாக்டரே சொன்னார். ஆனால் கட்டி இருந்ததால்தானே நகர்ந்தது. கட்டி ஏன் வந்தது?

காலை ஊசி போட வந்தவர் ஜெயராணி சிஸ்டர். குடுமியான்மலைக்காரர், எந்நேரமும் எதையாவது பேசிக்கொண்டே குத்துவார், வலி தெரியாது. அன்றைக்கு என் வயிற்றில் நீலம் பாரித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க நாத்தனாருக்கும் இதே ஊசிதான் போட்டாங்க. கருத்தட மாத்திர தின்னு தின்னு காலு வீங்கிப்போச்சு" என்றார்.

ஊசியோடு நின்ற அவர் கையைப் பிடித்தேன். "சிஸ்டர், தேதியத் தள்ளிப்போடுற மாத்திரையும் அப்படிச் செய்யுமா?"

அவர் பேச்சு நின்றது. "யாரு போடுறா?"

"என் ஃப்ரெண்டு ஒருத்தி."

"எத்தன நாளா?"

"இருபது நாளுக்கு மேல. மூணு வேளை."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். என் முகத்தையே பார்த்தார். குரலை இறக்கிச் சொன்னார்: "அந்த ஃப்ரெண்ட டாக்டர்ட்ட சொல்லச் சொல்லுங்க. இன்னிக்கே. மத்தியானம் டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள அவங்களாச் சொல்லலைன்னா நான் சொல்லிருவேன். எனக்கு வேற வழி இல்லம்மா."

பத்து மணிக்கு அம்மா வந்தாள். இட்லியை எடுத்து வைத்தாள், பர்ஸை எடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"அந்தச் சிஸ்டருக்கு என்ன தெரியும்? ஊர்ல போடாத பொம்பள யாரு? எவ செத்தா?"

"நான் டாக்டர்ட்ட சொல்லப்போறேன்."

அம்மா என் வாயைப் பொத்தினாள். உண்மையிலேயே பொத்தினாள், கையில் சாம்பார் வாசனை. "சொல்லாதடி. ஒங்கப்பா இருப்பாரு, அத்தன ஆம்பளைங்க இருப்பாங்க. தாளுல எழுதிப்புட்டா அது அப்படியே நிக்கும். கர்ப்பப்பையில கோளாறு, அதான் மாத்திர தின்னான்னு பேசுவானுக. நாளைக்கி மாப்ள வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்னாகும்?"

"நான் செத்துட்டா மாப்ளைய வச்சு என்னம்மா செய்வ?"

அம்மா கையை எடுத்துவிட்டாள். மாத்திரையை மறுபடி பர்ஸில் வைத்து, பர்ஸை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் போய் நிலையைப் பிடித்தபடி நின்றாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். அவளுக்காகப் பயந்ததோ பாவப்பட்டதோ அந்த நேரத்தில் இல்லை.

டாக்டர் பத்தரைக்கே வந்துவிட்டார். அப்பாவையும் உள்ளே கூப்பிடச் சொன்னேன். "எதுக்கு?" என்றார் டாக்டர். "அவரும் கேக்கணும்" என்றேன். அப்பா வந்து கட்டிலிலிருந்து நாலடி தள்ளி நின்றார். மற்ற நாலு கட்டில்காரர்களும் அவர்களுடைய ஆட்களும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முந்நூறு பேர் கத்துகிற அரங்கில் கடைசி நொடியில் ஃப்ரீ த்ரோ போட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த வார்டில் வாய் உலர்ந்த மாதிரி எங்கேயும் உலர்ந்ததில்லை.

"டாக்டர், மாத்திரை எதுவும் சாப்பிடுறதில்லைன்னு சொன்னேன்ல. அது பொய். பீரியட்ஸ் தள்ளிப்போடுற மாத்திரை சாப்பிடுறேன். இன்னையோட இருபத்து நாலாவது நாள். நேத்து ராத்திரி கூட, இந்தக் கட்டில்ல உக்காந்துதான் சாப்பிட்டேன்."

டாக்டருக்கு முகம் சிவந்தது. "இங்கயா? நான் ஊசி போட்டுக்கிட்டு இருக்கும்போதா?" என்றார்.  பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னார். அது ஹார்மோன். அதை நாள் கணக்காகச் சாப்பிட்டால் சிலருக்கு ரத்தம் சீக்கிரம் உறையும். அதோடு அசையாத காலும் நெடுந்தூரப் பயணமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கையால் ரத்தத்தை இளக்கிக்கொண்டு மறு கையால் உறையவைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"இந்த நிமிஷமே நிறுத்துங்க. ரெண்டு நாள்ல பீரியட்ஸ் வரும், ஊசி போடுறதால ரொம்பவே போகும். பயப்படாதீங்க, அத நான் பாத்துக்குறேன்." எழுந்துகொண்டே இன்னொன்றையும் சொன்னார். "காரணம் கெடச்சிருச்சு. ஆயுசுக்கும் மருந்து வேண்டியதில்ல. மூணு மாசம். ஸ்கேன் சுத்தமா இருந்தா நீங்க ஆடலாம்."

ஆடலாம் என்ற சொல்லை நான் கேட்டேன். ஆனால் சந்தோஷப்படுவதற்குள் அப்பாவைப் பார்த்தேன். அதற்காகத்தானே அவரைக் கூப்பிட்டேன். "அப்பா, நீங்க உருவுனதால கட்டி வரல. கேட்டீங்கள்ல? கட்டிய வரவச்சது இந்த மாத்திரை" என்றேன்.

அவர் முகம் தெளியவில்லை. அம்மாவிடம் போய்க் கையை நீட்டினார். அம்மா பர்ஸைக் கொடுத்தாள். அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் வாங்கியாந்ததுல்ல?"

 எங்கள் வீட்டுப் பழக்கம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காலி அட்டையைப் பேப்பரில் மடித்து அம்மா அப்பாவிடம் கொடுப்பாள். அப்பா அதைப் பிரிக்காமல் மெடிக்கலில் நீட்டுவார். கடைக்காரர் அதே போல ஒன்றை மடித்துத் தருவார். மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். நான் ஊருக்கு வந்த அன்றைக்கு என் கையிருப்பு தீர்ந்திருந்தது.

"அன்னிக்கு ரெண்டு அட்டைல்ல வாங்கியாரச் சொன்ன?" என்றார் அப்பா. "இன்னொண்ணு யாருக்கு?"

அம்மா சுவரைப் பார்த்தாள். பால்குடத்தன்று என் பின்னாலேயே வேப்பிலையோடு நடந்து வரவேண்டியவள் அவள்தான். நாற்பத்தெட்டு வயது, அவளுக்கும் நாள் கணக்கு இருக்கிறது. இது என் மண்டையில் ஏன் ஏறவே இல்லை என்று இன்றைக்கும் என்னை நான் திட்டிக்கொள்கிறேன்.

டாக்டர் வாசலுக்குப் போனார். "அம்மா, ஒங்களுக்கு மூச்சு வாங்குதா?"

"ரெண்டு மாடி ஏறி வந்தேன்ல, அதான்" என்றாள் அம்மா.

அவள் மாடி ஏறி வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"உக்காருங்க" என்றார் டாக்டர். குரல் மாறிவிட்டது. ஜெயராணி சிஸ்டர் நாற்காலியை அம்மாவுக்குப் பின்னால் தள்ளி, விரலில் கிளிப்பை மாட்டினார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன், கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப் இழுத்தது.

"எத்தனை நாளா போடுறீங்க? முன்னாடி போட்டிருக்கீங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க டாக்டர். எனக்கு என்ன? எம்புள்ளையப் பாருங்க."

"ஏன் மறைக்கிறீங்க? இவ்வளவு கேட்ட பிறகுமா?"

 அப்போது அப்பா பேசினார். எங்கள் வீட்டில் அந்த நாலு நாளைக்கு ஒரு பெயர் கூடக் கிடையாது. அம்மா தட்டும் தம்ளருமாகப் பின்கட்டில் இருப்பாள், அப்பா பார்க்காத மாதிரி கடைக்குப் போவார். அந்த மனுஷன், ஐந்து கட்டிலும் கேட்கிற குரலில் சொன்னார்.

"அவ சொல்ல மாட்டா டாக்டர், நான் சொல்றேன். வீட்டு விலக்கத் தள்ளிப்போடுற மாத்திர. கல்யாணம் ஆன வருஷத்துலேர்ந்து போடுறா. திருவிழாவுக்குப் போட்டா, பொங்கலுக்குப் போட்டா, எந்தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்டா, எங்கப்பன் செத்த காரியத்துக்குப் போட்டா. ஒரு தடவ விடாம நான்தான் வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு தெரிஞ்சேதான் வாங்கிக் குடுத்தேன். எழுதிக்கங்க."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிஸ்டர் கிளிப்பில் வந்த எண்ணை டாக்டருக்கு மட்டும் தெரியும்படி திருப்பிக் காட்டினார். டாக்டர் குனிந்து அம்மாவின் சேலைக் கரையைக் கொஞ்சம் தூக்கினார். ஒரு கணுக்கால் எலும்பு தெரிந்தது. இன்னொன்று தெரியவில்லை.

அப்பா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். அந்தக் காலைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனவர், பாதி வழியில் நிறுத்திக்கொண்டு, டாக்டரை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "தொடலாங்களா?"